9. ஏர்பேக்: ஓட்டிப் பார்த்து வாங்க முடியாத பாகம்

செகண்ட் ஹேண்ட் காரின் எஞ்சினைக் காதால் கேட்டே ஓரளவு எடைபோட்டுவிடலாம். கியர்பாக்ஸைக் கையும் காலும் சொல்லும். சஸ்பென்ஷன் போயிருந்தால் கோவையில் சுங்கத்திலிருந்து உக்கடம் போய்ச் சேர்வதற்குள் இடுப்புக்குத் தெரிந்துவிடும். ஏர்பேக்குக்கு மட்டும் இப்படி ஒரு சோதனை ஓட்டம் கிடையாது. ஒரு தரம் விரிந்தால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. அதனால் அது நன்றாக இருக்கிறதா என்பதை அதன் விளக்கு, அதன் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் கோடுகள் (குறியீடுகள்), காரின் இன்சூரன்ஸ் வரலாறு, உள்ளலங்காரத்தில் பட்ட கைத்தடம் ஆகியவற்றை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கொங்கு வட்டாரத்தில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஏழெட்டு வயதான பென்ஸோ பிஎம்டபிள்யூவோ ஆடியோ இன்று ஒரு புது இன்னோவாவின் விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர், கரூர் ஜவுளிக்காரர், பொள்ளாச்சித் தோப்புக்காரர் என்று வாங்குகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தக் கார்கள் எல்லாம் இங்கேயே ஓடியவை அல்ல. பத்து வருடம் கடந்த டீசல் வண்டிகளுக்கு டெல்லியில் தடை வந்த பிறகு, அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு தெற்கே வந்த சொகுசுக் கார்கள் ஏராளம். பெங்களூரிலிருந்து வருகின்றன. சென்னையிலிருந்து வருகின்றன. வாளையாறு தாண்டினால் கேரளம் என்பதால் கொச்சிப் பக்கத்திலிருந்தும் வருகின்றன. அங்கெல்லாம் அந்த வண்டி என்ன பட்டது என்பது உங்கள் ஊர் மெக்கானிக்குக்குத் தெரியாது.

இன்னொரு காரணம் நம் ஊரின் திறமையே. கோவை எதையும் பிரித்துப் பார்த்து மறுபடி பூட்டிவிடுகிற ஊர். வெள்ளைக்காரர் ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பார்த்தே இயந்திரம் கற்றுக்கொண்ட ஜி.டி. நாயுடுவின் ஊர் இது. பம்ப்செட்டுக்கும் கிரைண்டருக்கும் மில் இயந்திரத்துக்கும் கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்து மாட்டிவிடுவார்கள். அந்தக் கைகளின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் கடைந்து மாட்டிய பாகம் சரியில்லை என்றால் மறுநாள் கழற்றித் திருத்தலாம். ஏர்பேக்கில் அந்த மறுநாள் கிடையாது. அதனால் இந்த ஒரு பாகத்தில் மட்டும் 'எப்படியாவது ஓட வெச்சுடலாம்' என்ற வழக்கத்துக்கு இடம் தரக்கூடாது.

முதல் ஐந்து நொடி

கார் பார்க்கப் போகும் இடத்தில் பெரும்பாலும் வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். "ஏ.சி. போட்டு வெச்சிருக்கோமுங்க, ஏறி உக்காருங்க" என்பார்கள். உபசாரம்தான். ஆனால் நீங்கள் பார்த்தே ஆகவேண்டிய ஐந்து நொடி அதோடு போய்விடுகிறது. வண்டியை அணைக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் விட்டு, பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். சாவி மாடலாக இருந்தால் எஞ்சின் கிளம்பாமல் ஒரு படி மட்டும் திருப்புங்கள். மீட்டரில் எல்லா விளக்குகளும் எரியும். பெல்ட் போட்டு உட்கார்ந்த ஆளின் முன்னால் ஒரு வட்டம் இருக்கிற சிவப்புப் படம், அல்லது எஸ்.ஆர்.எஸ். என்ற எழுத்து, அதுதான் ஏர்பேக் விளக்கு. நான்கு முதல் ஆறு நொடி எரிந்துவிட்டுத் தானாக அணைய வேண்டும். இதைப் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எரிந்து அணைந்தால் முதல் கட்டம் தேறியது, அவ்வளவுதான். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு இருக்கிறது. பல கார்களில் இந்த நிலையில் சில பைகளோ எல்லாப் பைகளுமோ விரியாது. ஆனாலும் அந்தக் கார் உங்களிடம் உண்மையைச் சொல்கிறது. விளக்கு எரியவே இல்லை என்றால்தான் நீங்கள் பயப்பட வேண்டும். பழைய மாடல்களில் பல்பைப் பிடுங்கியிருப்பார்கள், அல்லது மீட்டரைக் கழற்றிப் பின்னால் கறுப்பு டேப் ஒட்டியிருப்பார்கள். இன்னும் சிலர் அதை வேறொரு விளக்கின் வயரோடு சேர்த்துவிடுவார்கள். சந்தேகம் வந்தால் ஏர்பேக் விளக்கும் பேட்டரி அல்லது ஆயில் விளக்கும் ஒரே நொடியில் அணைகின்றனவா என்று வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

எரிகிற விளக்கைப் பற்றிக் கேட்டால் எங்கும் நடக்கிற பேச்சு இது:

"ஏனுங்ணா, இந்த ஏர்பேக் லைட்டு அணையவே மாட்டேங்குதுங்களே?"

"அது சும்மா சென்சாருங்க. டெலிவரிக்கு முன்னாடி அணைச்சுக் குடுத்தர்றோமுங்க."

விளக்கை அணைக்கக் கால்மணி நேரமும் ஒரு லேப்டாப்பும் போதும். கோளாறு அப்படியே இருக்கும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே என்ன கோடு வந்திருக்கிறது என்று கேளுங்கள். கோடு தெரியாமல் அது சென்சாரா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

உள்ளே என்ன இருக்கிறது

கோளாறுகளைப் புரிந்துகொள்ளத் தேவையான அளவு மட்டும் சொல்கிறேன். முன் பம்பருக்குப் பின்னாலும் கதவுகளிலும் மோதலை உணரும் சென்சார்கள் இருக்கின்றன. இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே, கன்சோலுக்கு அடியில், தரையோடு ஒட்டி ஒரு கன்ட்ரோல் மாட்யூல் பதிந்திருக்கிறது. மோதல் கடுமையானது என்று அது முடிவு செய்தால் முதலில் சீட் பெல்ட்டைச் சுண்டி இழுக்கும் பிரிடென்ஷனரையும், அதையொட்டிப் பைகளையும் வெடிக்க வைக்கும். முன் பை முழுக்க விரிய ஆகும் நேரம் ஒரு நொடியின் முப்பதில் ஒரு பங்கு அளவுதான். மோதலில் பேட்டரி துண்டிக்கப்பட்டாலும் வேலை நடக்க வேண்டும் என்பதற்காக மாட்யூலுக்குள் கெபாசிட்டரில் மின்சாரம் சேமிக்கப்பட்டிருக்கும்.

ஒவ்வொரு பைக்கும் போகும் மின்சுற்றின் தடையை மாட்யூல் ஓயாமல் அளந்துகொண்டே இருக்கிறது. பொதுவாக அது சுமார் 2 ஓம். அதில் ஒன்றிரண்டு ஓம் கூடினாலோ குறைந்தாலோ விளக்கு எரிந்துவிடும். துருப்பிடித்த ஒரு பின், தளர்ந்த ஒரு பிளக் போதும். சொகுசுக் காரில் ஆறு, எட்டு என்று பைகள். அவற்றோடு பெல்ட்டுகளும் சேர்ந்தால் சுற்றுகள் அதிகம். நம் நாட்டில் டிரைவர் ஏர்பேக்கே 2019 ஜூலை 1 முதல்தான் கட்டாயம். முன்னால் உட்காரும் பயணிக்கு 2021-இல் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கார்கள் பக்கவாட்டிலும் கூரையிலும் பைகளைச் சுமந்துகொண்டு வந்துவிட்டன. வயதாகிப் பழுதாவதற்கும் அவற்றில் இடம் அதிகம்.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் பிளக்

முதல் சந்தேகம் எப்போதும் இங்கேதான். முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளிவிட்டு, டார்ச் அடித்துக் குனிந்து பாருங்கள். மஞ்சள் நிற பிளக்கும் மஞ்சள் உறையிட்ட வயரும் தெரியும். ஏர்பேக் சம்பந்தப்பட்டவை பெரும்பாலும் மஞ்சளாகவே இருக்கும். சீட்டுக்குள் இருக்கும் பக்கவாட்டுப் பை, பெல்ட் பக்கிள், ஆள் உட்கார்ந்திருப்பதை அறியும் சென்சார் எல்லாவற்றின் இணைப்பும் இங்கேதான் வருகிறது. முதலாளி ஓட்டும்போது ஓர் இடத்திலும் டிரைவர் ஓட்டும்போது ஓர் இடத்திலுமாக மோட்டார் சீட் தினமும் முன்னும் பின்னும் நகர்ந்து, வயர் இழுபட்டு, பின் தளர்கிறது. சர்வீஸில் கார் கழுவுகிறவர் வாக்குவம் குழாயை அடியில் நுழைத்து இழுத்தாலும் தளரும். தண்ணீர் பாட்டில் உருண்டு போய் மோதினாலும் தளரும்.

இது மட்டும்தான் கோளாறு என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பிளக்கைக் கழற்றி, பின்னைச் சுத்தம் செய்து, சரியாக மாட்டி, வயரை இழுபடாமல் கிளிப் செய்தால் தீர்ந்துவிடும். சில பட்டறைகளில் பிளக்கையே வெட்டி எறிந்துவிட்டு வயர்களை முறுக்கிப் பற்றவைத்து டேப் சுற்றிவிடுகிறார்கள். அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த மஞ்சள் பிளக்குக்குள் ஒரு சின்ன உலோகப் பட்டை இருக்கிறது. பிளக்கைக் கழற்றிய கணமே அது பையின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடும். வேலை செய்கிறவரின் கையில் பை தவறி வெடிக்காமல் காப்பது அதுதான். பிளக்கை வெட்டினால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது.

பிளக்கின் பின்னில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால் அடுத்த கேள்வி தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது. கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி அடியில் இருக்கும் ஸ்பாஞ்சைக் கையால் அழுத்திப் பாருங்கள். சன்ரூஃப் உள்ள கார்களில் கூரையின் மூலைகளிலிருந்து மழைநீர் இறங்கும் மெல்லிய குழாய்கள் உண்டு. வேப்ப மரத்தடியில் நிறுத்திய வண்டியில் பூவும் பொடி இலையும் சேர்ந்து அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும். மழைத் தண்ணீர் உள்ளுக்குள் வழிந்து சீட்டுக்கு அடியில் தேங்கும். ஏ.சி. டிரெயின் அடைத்தாலும் இதே கதை. காரணத்தை விட்டுவிட்டுப் பின்னை மட்டும் துடைத்தால் அடுத்த மழைக்கு விளக்கு மறுபடி எரியும்.

தோட்டத்துச் சாளையில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு எலி இன்னொரு தொல்லை. கம்பளத்துக்கு அடியில் ஓடும் வயர் அதற்கு வாகாகக் கிடைக்கிறது. கடிபட்ட இடத்தில் ஒட்டுப் போடலாமா என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி விதி வேறுபடும். அந்த மாடலின் சர்வீஸ் கையேடு என்ன சொல்கிறதோ அதன்படி செய்யச் சொல்லுங்கள்.

ஹார்ன் அடிக்காவிட்டால்

ஸ்டீயரிங்குக்கு உள்ளே, சுருளாகச் சுற்றிய ஒரு பட்டை வயர் இருக்கிறது. கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். ஸ்டீயரிங் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் டிரைவர் ஏர்பேக்கின் இணைப்பு அறாமல் இருப்பது அதனால்தான். வயதானால் அது விண்டுபோகும். ஹார்ன், ஆடியோ பட்டன், குரூஸ் கன்ட்ரோல் ஆகியவையும் அதே வழியாகப் போவதால் இந்தக் கோளாறு தானே வெளியே தெரிந்துவிடும். ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஹார்னை அடித்துப் பாருங்கள். நடுவில் ஓர் இடத்தில் சத்தம் நின்றாலோ, உள்ளே காகிதம் உரசுவதுபோல் சரசரத்தாலோ அது போய்க்கொண்டிருக்கிறது. பழுது பார்க்கிற பாகம் அல்ல, மாற்றுகிற பாகம். புதியதை மாட்டும்போது நடுநிலையில் வைத்து மாட்டாவிட்டால் முதல் முழுத் திருப்பத்திலேயே அறுந்துவிடும்.

பக்கத்து சீட்டின் மெத்தைக்குள்

பிஎம்டபிள்யூ, பென்ஸ் பழைய மாடல்களில் ஓயாமல் வருகிற கோளாறு ஒன்று உண்டு. டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் மெத்தைக்குள் ஒரு மெல்லிய விரிப்பு இருக்கும். ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று அதுதான் மாட்யூலுக்குச் சொல்கிறது. வருடக்கணக்கில் உட்கார்ந்து எழுந்து, முழங்காலை ஊன்றிப் பின் சீட்டில் பொருள் எடுத்து, கனமான பெட்டியை வைத்து, அது உள்ளுக்குள் முறிந்துபோகும். விளக்கு எரியும், சில மாடல்களில் அந்தப் பக்கத்துப் பைகளின் வேலையும் இதனால் குழம்பும்.

முறையாகச் செய்தால் சீட்டைக் கழற்றி, உறையை உரித்து, விரிப்பை மாற்றி, கம்ப்யூட்டரில் அளவு பொருத்த வேண்டும். செலவும் உண்டு, நேரமும் ஆகும். அதனால்தான் 'எமுலேட்டர்' என்ற சின்னப் பெட்டி ஆன்லைனில் விற்கிறது. சீட்டில் எப்போதும் ஆள் இருப்பதாக மாட்யூலிடம் பொய் சொல்வதுதான் அதன் வேலை. காலி சீட்டில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லப்படும் அந்த ஆளுக்காகப் பை விரிவதில் பெரிய நஷ்டம் இல்லை என்று விற்கிறவர் வாதிடுவார். அதே சீட்டில் குழந்தை இருக்கை வைத்தால் என்ன ஆகும் என்று அவரிடம் கேளுங்கள். முன்பக்கப் பை உயிரோடு இருக்கும்போது பின்நோக்கி வைக்கும் குழந்தை இருக்கையை முன் சீட்டில் பொருத்துவது உயிருக்கே ஆபத்து. பார்க்கும் காரில் சீட்டுக்கு அடியில் கம்பெனிப் பெயரில்லாத சின்னக் கறுப்புப் பெட்டி ஏதாவது வயரில் தொங்குகிறதா என்று அந்த டார்ச் வெளிச்சத்திலேயே பார்த்துவிடலாம்.

சில வாரம் ஓடாமல் நின்ற காரில் பேட்டரி இறங்கி, அதனாலேயே ஏர்பேக் கோடு விழுவதும் உண்டு. பேட்டரியைச் சரிசெய்து, கோடை அழித்து, மறுபடி வருகிறதா என்று பார்த்தால் போதும்.

விரிந்த பையின் கதை

இதுவரை சொன்னவை வயதின் கோளாறுகள். இனி சொல்லப்போவது மறைக்கப்பட்ட விபத்து.

ஒரு சொகுசுக் காரில் நாலைந்து பைகள் விரிந்துவிட்டால் பை, பெல்ட், மாட்யூல், டேஷ்போர்டு, கூரைத் துணி, கண்ணாடி எல்லாம் மாற்ற வேண்டும். பழுதுச் செலவு காரின் ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் காருக்குப் போட்ட மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி அதை டோட்டல் லாஸ் என்று முடித்துவிடும். ஏழெட்டு வயதான வண்டியில் ஐ.டி.வி. குறைந்திருக்கும், பாகங்களின் விலையோ குறைந்திருக்காது. அதனால் வெளியே நடுத்தர அடி பட்ட கார்கூட ஏர்பேக் செலவாலேயே டோட்டல் லாஸ் ஆகிவிடும். பிறகு அது ஏலத்துக்குப் போகிறது. ஏலத்தில் எடுத்தவர் டிங்கரிங்கும் பெயின்டிங்கும் நன்றாகச் செய்வார். ஏர்பேக் வாங்கினால் அவருக்கு லாபம் நிற்காது. பையின் இடத்தில் 2 ஓம் சுற்றுவட்டாரத்தில் ஒரு ரெசிஸ்டரைச் சொருகிவிடுவார்; அதன் விலை சில ரூபாய். மாட்யூல் தடையை அளக்கும், சரியாக இருக்கும், விளக்கு அழகாக எரிந்து அணையும். முதல் ஐந்து நொடிச் சோதனையில் இந்தக் கார் முழு மதிப்பெண் வாங்கும்.

இதைப் பிடிக்கக் கண்தான் கருவி. ஸ்டீயரிங் நடுவில் இருக்கும் முத்திரையைச் சுற்றி இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா? பயணி பக்க டேஷ்போர்டின் மேல்தோல் மற்ற பகுதியின் புள்ளிக் கோலத்தோடும் பளபளப்போடும் ஒத்துப்போகிறதா? பத்து வருடக் காரில் டேஷ்போர்டுக்கு மட்டும் புதிதாகத் தோல் தைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். முன் கண்ணாடியின் ஓரத் தூணில் 'ஏர்பேக்' என்று பொறித்த சின்ன வில்லை இருக்கும். அது காணாமல் போயிருந்தாலோ தூணின் உறை ஆடினாலோ கூரைப் பை விரிந்திருக்கலாம். பல பிஎம்டபிள்யூ மாடல்களில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. விபத்தில் மின்சாரத்தைத் துண்டிக்க அதன் பாசிட்டிவ் முனையில் சிறு வெடிமருந்துள்ள ஒரு கிளாம்ப் உண்டு. அது வெடித்திருந்து, சாதாரண டெர்மினல் போட்டு வயரை நேராகப் பூட்டியிருந்தால் அந்தக் கார் பெரிய மோதலைப் பார்த்தது என்று அர்த்தம்.

அடுத்து சீட் பெல்ட். இதற்கு அவசரப்படாமல் நேரம் கொடுங்கள். முன் பெல்ட்டைப் பிடித்து மெதுவாக, கடைசி அங்குலம் வரும் வரை வெளியே இழுங்கள். யாரும் அதுவரை இழுப்பதில்லை, அதனால் யாரும் அங்கே துடைப்பதும் இல்லை. அடிப்பகுதியில் தைத்திருக்கும் துணிச் சீட்டில் தயாரித்த தேதி இருக்கும். கார் 2014, பெல்ட் 2014 என்றால் நல்லது. கார் 2014, ஒரு பெல்ட் மட்டும் 2019 என்றால் அந்த வருடம் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். பெல்ட் பாதியில் இறுகி நின்றாலோ, பக்கிள் மற்றப் பக்கத்தைவிடக் கீழே அமுங்கி, அதன் உறை மடிந்து சுருங்கியிருந்தாலோ பிரிடென்ஷனர் வெடித்துவிட்டது. வெளியே வந்த கடைசி முழத்தில் காவி நிறக் கோடு ஒன்று குறுக்கே தெரிந்தால் அது வெள்ளம் நின்ற மட்டம்.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது சென்னையில் அடித்தள பார்க்கிங்குகளில் நின்ற விலையுயர்ந்த கார்கள் மூழ்கின. 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தில் ஆலுவா, பரவூர் பக்கம் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை. ஏர்பேக் மாட்யூல் தரையோடு ஒட்டி இருப்பதை மேலே சொன்னேன். முழங்கால் அளவு தண்ணீரே அதை எட்டிவிடும். எஞ்சினுக்குள் தண்ணீர் போகாத வண்டியிலும் மாட்யூல் நனைந்திருக்கும். காய்ந்த பிறகு பல மாதம் சும்மா இருந்துவிட்டு, களிம்பு ஏற ஏற ஒவ்வொரு கோளாறாகக் கிளம்பும். டி.என். 07, டி.என். 22, கே.எல். 07, கே.எல். 41 என்று தொடங்கும் எண்ணை வைத்தே காரை ஒதுக்க வேண்டாம். அந்த மாதங்களில் கார் எங்கே இருந்தது என்று கேளுங்கள், பழைய பாலிசிகளைக் கேட்டு வாங்குங்கள். ஒரே உரிமையாளரிடம் வருடாவருடம் 20, 25, 35 சதவீதம் என்று ஏறிவந்த என்.சி.பி. (கிளெய்ம் வாங்காத வருடங்களுக்கான தள்ளுபடி) திடீரெனப் பூஜ்யத்துக்கு விழுந்திருந்தால் அதற்கு முந்தைய வருடம் கிளெய்ம் நடந்திருக்கலாம். அந்த வருடம் 2015-ஆகவோ 2018-ஆகவோ இருந்தால் கம்பளத்தைத் தூக்காமல் பேசவே பேசாதீர்கள்.

ஸ்கேனர்

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் கருவி எஞ்சின் கோடுகளைத்தான் படிக்கும். ஏர்பேக் மாட்யூலுக்குள் நுழைய அந்தந்தக் கம்பெனிக்கு உரிய மென்பொருள் வேண்டும்: பென்ஸுக்கு ஜென்ட்ரி, பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, ஆடிக்கு கம்பெனிக் கருவி அல்லது வி.சி.டி.எஸ். அவிநாசி ரோட்டு ஷோரூம்களிலும் இந்தக் கார்களையே பார்க்கிற தனிப் பட்டறைகளிலும் இவை இருக்கின்றன. ஆடியில் 15-ஆம் முகவரி ஏர்பேக். அங்கே 00595 என்று வந்தால் மோதல் பதிவு மாட்யூலில் இருக்கிறது என்று பொருள்.

நீங்கள் போகும் முன்பே கோடுகளை அழித்து வைத்திருப்பது சகஜம். அதனால் முதல் தடவை ஸ்கேன் செய்து ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, அரைமணி நேரம் ஓட்டி, சீட்டுகளை முன்னும் பின்னும் நகர்த்தி, ஸ்டீயரிங்கை முனைக்கு முனை சுற்றி, எல்லா பெல்ட்டையும் மாட்டிக் கழற்றி, மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கோடு விழுந்தபோது மீட்டரில் இருந்த கிலோமீட்டரையும் பல கார்கள் பதிவு செய்கின்றன. மீட்டர் 60 ஆயிரம் காட்ட, கோடு 1 லட்சத்து 10 ஆயிரத்தில் விழுந்திருந்தால் ஏர்பேக்கைப் பார்க்கப் போய் மீட்டர் மோசடியும் அகப்பட்டுவிடும். மாட்யூலின் பாக எண்ணும் அதில் பதிந்த சேஸிஸ் எண்ணும் இந்தக் காருடையதுதானா என்பதையும் அப்போதே சரிபார்க்கச் சொல்லுங்கள். வேறு வண்டியிலிருந்து கழற்றிய மாட்யூல், மோதல் பதிவை அழித்து எழுதிய மாட்யூல் எல்லாம் சந்தையில் சுற்றுகின்றன.

டகாட்டா

விளக்கு சரி, வயர் சரி, பையும் கம்பெனிப் பை. ஆனாலும் ஆபத்து இருக்கலாம். ஜப்பானின் டகாட்டா கம்பெனி செய்த இன்ஃப்ளேட்டர்களில் அம்மோனியம் நைட்ரேட்டை உந்துமருந்தாக வைத்தார்கள். ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்காதவை, வெப்பமும் ஈரப்பதமும் மாறிமாறித் தாக்கப் பல வருடங்களில் சிதைந்தன. பிறகு விபத்தில் மருந்து வேண்டியதைவிட வேகமாக எரிந்து, உலோகக் கூடே வெடித்து, சில்லுகள் ஆளின் முகத்திலும் கழுத்திலும் பாய்ந்தன. 2014-இல் மலேசியாவில் ஒரு கர்ப்பிணி இப்படி இறந்தார். உலகம் முழுக்க 10 கோடிக்கும் மேற்பட்ட இன்ஃப்ளேட்டர்கள் திரும்பப் பெறப்பட்டன. 2017 ஜூனில் டகாட்டா திவாலானது. இந்தியாவில் ஹோண்டா 2015-இலும் 2016-இலும் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. உலகப் பட்டியலில் பிஎம்டபிள்யூ, பென்ஸ், ஆடி மாடல்களும் உண்டு.

கோவையின் குளிர்ந்த காற்றில் ஓடிய கார் என்று நிம்மதியாக இருக்க முடியாது. முதல் எட்டு வருடம் அது சென்னைக் கடற்கரையிலோ மும்பையிலோ வெயிலில் நின்றிருக்கலாம். செய்ய வேண்டியது எளிது: 17 இலக்க சேஸிஸ் எண்ணை ஷோரூமில் கொடுத்து ரீகால் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்கள் எத்தனையாவது உரிமையாளராக இருந்தாலும் அந்த வேலையை இலவசமாகச் செய்து தருவார்கள். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளிலிருந்தோ வேறெங்கிருந்தோ கழற்றிய பழைய பை வாங்கி மாட்ட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பை எந்த ஊர் வெயிலில் எத்தனை வருடம் வெந்தது, ரீகால் பட்டியலில் இருக்கிறதா, தண்ணீரில் மூழ்கியதா என்று விற்கிறவருக்கே தெரியாது.

நல்ல பையையும் நாம் கெடுப்பது

வாங்கிய மறுநாளே நேராகச் சீட் கவர் கடைக்குப் போகிறோம். பக்கவாட்டுப் பை முன் சீட்டு முதுகின் வெளிப்பக்கத் தையலைப் பிளந்துகொண்டு வெளியே வர வேண்டும். அதன்மேல் கெட்டி ரெக்சினை இறுக்கித் தைத்துவிட்டால் வழி அடைந்துவிடுகிறது. கவர் வேண்டும் என்றால் அந்தப் பக்கம் திறப்போ, எளிதில் பிரியும் தையலோ உள்ளதாக வாங்குங்கள்.

டேஷ்போர்டில் மருதமலை முருகனும் பிள்ளையாரும் இருப்பது நம் வழக்கம். பயணி பக்கத்தில், ஏர்பேக் மூடியின்மேல், டேப் போட்டு ஒட்டியிருந்தால் பை விரியும் வேகத்தில் அந்தக் கல் விக்கிரகம் உட்கார்ந்திருப்பவரின் முகத்தை நோக்கித்தான் வரும். சாமியை ஏர்பேக் மூடிக்கு வெளியே, நடுப்பகுதிக்கு மாற்றி வையுங்கள். பக்திக்கு ஒரு குறையும் வராது. முன்னால் இரும்பு பம்பர் மாட்டுவதை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடுத்துவிட்டது. அது சென்சார் மோதலை அளக்கும் விதத்தையே மாற்றிவிடும்.

பெல்ட் போடாதவருக்கு ஏர்பேக் பெரிதாக உதவாது. முன்னால் பறந்து வரும் உடலை விரிகிற பை அறைந்துவிடும். 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது ஒரு பென்ஸ் காரில்தான். பின் சீட்டில் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை. அந்த இருவரும்தான் இறந்தார்கள். நம் பக்கம் முதலாளி பின்னால் உட்காருவதும், குழந்தையை முன்னால் மடியில் வைத்துக்கொள்வதும் சாதாரணம். இரண்டையும் விட்டுவிடுங்கள். சேலம் ரோட்டில் நின்றுகொண்டிருக்கும் லாரிக்கு அடியில் கார் புகுந்தால் முன் பம்பர் உத்திரத்தில் அடியே படாமல் கண்ணாடி உயரத்தில் மோதும். அப்போது ஏர்பேக் தாமதமாக விரியலாம், விரியாமலும் போகலாம். இதைக் கோளாறு என்று சொல்ல முடியாது. அந்த அமைப்பின் எல்லை அது.

பட்டறையில், பத்திரத்தில்

வேலை செய்கிறவர் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து தொடங்குகிறாரா என்று கவனியுங்கள். கெபாசிட்டரில் சேமித்த மின்சாரம் வடிய அந்த நேரம் வேண்டும். மல்டிமீட்டரை நேராகப் பையின் முனைகளில் வைத்துத் தடை பார்க்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். மீட்டரின் சிறு மின்னோட்டமே பையை வெடிக்க வைக்கக்கூடும். மாற்றிய பழைய பாகத்தையும் பாக எண் உள்ள பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

விளக்கு எரிகிற காரை வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கோடு தெரிந்து, அது சீட்டடிப் பிளக்கோ கிளாக் ஸ்பிரிங்கோ விரிப்போ என்று உறுதியானால், ஷோரூமில் எஸ்டிமேட் வாங்கி அந்தத் தொகையை விலையில் குறைத்துக்கொண்டு வாங்கலாம். மாட்யூலில் மோதல் பதிவு, விரிந்த பை, நனைந்த மாட்யூல் என்று தெரிந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் விட்டுவிடுங்கள். ஸ்கேன் செய்யவே விடமாட்டேன் என்கிறவரிடமும் இதேதான்.

விற்பனை ஒப்பந்தத்தில் 'உள்ளது உள்ளபடி' என்ற வரியோடு நிறுத்தாமல், எல்லா ஏர்பேக்குகளும் பெல்ட் பிரிடென்ஷனர்களும் கம்பெனிப் பாகங்கள், இதுவரை விரிந்ததில்லை, வெள்ளத்தில் மூழ்கியதில்லை, மாறாகத் தெரியவந்தால் பணம் திருப்பித் தரப்படும் என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டின் ஒரு பிரதியை அதோடு இணைத்து, இன்னொன்றை ஆர்.சி. புக்கோடு வைத்திருங்கள். அடுத்த சர்வீஸில் எடுக்கும் ரிப்போர்ட்டை இதோடு ஒப்பிட்டால் எந்தக் கோளாறு உங்களிடம் வந்த பிறகு முளைத்தது, எது அதற்கு முன்பே இருந்தது என்று பிரித்துச் சொல்ல முடியும்.